பெடல் ஸ்டீல் கிட்டாரில் கார்டு தேட எந்தத் தளத்தை நம்பலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பல வருடமாக ஆறு தந்தி கிட்டார் வாசிப்பவர் நீங்கள். இப்போது பத்துத் தந்தி, மூன்று பெடல், நான்கு முழங்கால் லீவர் கொண்ட பழைய பெடல் ஸ்டீல் (உட்கார்ந்து வாசிக்கும், பாதத்தாலும் முழங்காலாலும் தந்திகளின் ஸ்வரத்தை மாற்றும் கிட்டார்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கார்டின் பெயரைக் கொடுத்தால் எந்த ஃப்ரெட், எந்தப் பெடல், எந்தத் தந்திகள் என்று காட்டும் தளத்தைத் தேடினீர்கள். கிடைத்த இரண்டு தளங்கள் ஒரே கார்டுக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: ஆறு தந்தி கிட்டாரில் செய்ததுபோல, ஒவ்வொரு கார்டாகத் தேடி மனப்பாடம் செய்து இந்த வாத்தியத்தைக் கற்க முடியுமா? இரண்டையும் சேர்த்தே பேசலாம்.

இரண்டு தளங்களும் சரியாகவே இருக்கலாம், அவை உங்கள் கிட்டாரைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான். பெடல் ஸ்டீலில் எந்தப் பெடலும் லீவரும் எந்தத் தந்தியை எவ்வளவு மாற்றுகிறது என்ற அட்டவணைக்குக் கோபிடென்ட் என்று பெயர். அது கிட்டாருக்குக் கிட்டார் மாறும். கோபிடென்ட் தெரியாமல் சொல்லப்படும் எந்தக் கார்டு விவரமும் பாதி விவரம்தான். அதனால் ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதைவிட, எந்தத் தளத்தையும் பத்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கும் வழியைச் சொல்வது உங்களுக்கு அதிகம் உதவும். இப்படிப்பட்ட தளங்களில் பெரும்பாலானவை தனி வாசிப்பாளர்கள் ஆர்வத்தில் எழுதியவை. இன்று இருக்கும், நாளை காணாமல் போகும். சோதிக்கும் வழி கையில் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

வழக்கமான கார்டு ஃபைண்டர் ஏன் இங்கே உதவாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஆறு தந்தி கிட்டாரில் ஒவ்வொரு விரலும் வேறு வேறு ஃப்ரெட்டில் அழுத்தலாம். ஸ்டீலில் இடது கையில் இருப்பது நேரான ஓர் உலோகப் பார். அது எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் தொடும். பாரைச் சாய்த்து வாசிக்கும் பழக்கம் பெடல் இல்லாத ஸ்டீல்களில் நிறைய உண்டு, பெடல் ஸ்டீலில் குறைவு. ஆக, ஒரு ஃப்ரெட்டில் கிடைப்பது திறந்த தந்திகளின் ஸ்வரங்கள் அத்தனையும் அதே அளவு மேலேறிய ஒரு தொகுப்பு. அதற்குள் மாற்றம் வேண்டுமென்றால் காலும் முழங்காலும்தான் செய்ய வேண்டும். தேடும்போது இன்னொரு குழப்பமும் வரும். ‘ஸ்டீல் கிட்டார் கார்டு’ என்று தட்டினால் பாதி முடிவுகள் மடியில் வைத்து வாசிக்கும், பெடல் இல்லாத கிட்டாருக்கானவை. நம் நாட்டில் பிரிஜ் பூஷண் காப்ரா இந்துஸ்தானி இசைக்குள் கொண்டுவந்தது அந்தக் குடும்பத்துக் கிட்டார்தான். அழகான வாத்தியம், ஆனால் அதற்கான கார்டு வரைபடங்கள் உங்களுக்குப் பயன்படாது.

மூன்று பெடலும் பத்துத் தந்தியும் ஒற்றைக் கழுத்தும் என்றால் உங்களுடையது பெரும்பாலும் ஈ9 ட்யூனிங்தான். உங்களுக்கு எட்டத்தில் இருப்பது முதல் தந்தி, மடிப்பக்கம் இருப்பது பத்தாவது. ஒன்றிலிருந்து வரிசையாக: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. பெடல்களுக்கு ஏ, பி, சி என்று பெயர். ஸ்வரத்தின் பெயரோடு குழம்பாமலிருக்க, பெடலைச் சொல்லும் இடமெல்லாம் பெடல் என்றே சேர்த்து எழுதுகிறேன். ஏ பெடல் 5, 10 ஆகிய தந்திகளை பி ஸ்வரத்திலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். பி பெடல் 3, 6 ஆகிய தந்திகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ ஸ்வரத்துக்கு ஏற்றும். சி பெடல் 4ஆம் தந்தியை ஈ ஸ்வரத்திலிருந்து எஃப் ஷார்ப்புக்கும், 5ஆம் தந்தியை பி ஸ்வரத்திலிருந்து சி ஷார்ப்புக்கும் ஏற்றும். இந்த மூன்றும் ஈ9 வாசிப்பவர்களிடையே ஏறக்குறைய பொதுவானவை. லீவர்களில் இரண்டு அநேகமாக எல்லாக் கிட்டார்களிலும் இருக்கும்: 4, 8 ஆகிய தந்திகளின் ஈ ஸ்வரத்தை எஃப் ஸ்வரத்துக்கு ஏற்றும் எஃப் லீவர், அதே தந்திகளை டி ஷார்ப்புக்கு இறக்கும் ஈ இறக்கு லீவர். மற்ற இரண்டு என்ன செய்யும் என்பதை உங்கள் கிட்டாரைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. 2ஆம் தந்தியை டி ஸ்வரத்துக்கும் இன்னும் தள்ளினால் சி ஷார்ப்புக்கும் இறக்குவது ஒரு வழக்கம். 1ஆம் தந்தியை ஏற்றுவது, 5ஆம் தந்தியை அரை ஸ்வரம் இறக்குவது போன்றவையும் உண்டு.

இத்தனை வேறுபாடு ஏன் என்பதற்குக் கொஞ்சம் வரலாறு உதவும். 1954-இல் பிரபலமான அமெரிக்க கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ஒரு பாடலில் பட் ஐசக்ஸ் என்ற ஸ்டீல் வாசிப்பாளர், ஒலித்துக்கொண்டிருக்கும் கார்டுக்குள்ளேயே பெடலை அழுத்தி ஸ்வரங்களை நகர்த்தினார். அதைக் கேட்ட நாஷ்வில் ஸ்டீல் வாசிப்பாளர்கள் எல்லோருக்கும் அந்த ஒலி வேண்டியிருந்தது. ஐசக்ஸ் ஒரே பெடலில் செய்ததை பட்டி எம்மன்ஸ், ஜிம்மி டே என்ற இரு வாசிப்பாளர்கள் இரண்டு பெடல்களாகப் பிரித்தார்கள். ஆனால் அவர்கள் பெடல்களை வைத்த வரிசை எதிரெதிராக அமைந்தது. எம்மன்ஸ் அமைப்பில் இடமிருந்து வலமாக ஏ, பி, சி. டே அமைப்பில் சி, பி, ஏ. பெடல் திரும்பியதால் லீவரும் திரும்புகிறது. எம்மன்ஸ் அமைப்பில் எஃப் லீவர் பொதுவாக இடது முழங்காலை இடப்பக்கம் தள்ளினால் வரும், டே அமைப்பில் வலப்பக்கம் தள்ளினால் வரும். ஏ பெடலையும் எஃப் லீவரையும் சேர்த்து அடிக்கடி வாசிக்க வேண்டியிருப்பதால், பாதம் சாயும் பக்கமே முழங்காலும் போக வேண்டும் என்பதுதான் காரணம். உங்கள் இரண்டு தளங்களில் ஒன்று எம்மன்ஸ் அமைப்பையும் மற்றது டே அமைப்பையும் எடுத்துக்கொண்டிருந்தால், ஸ்வரங்கள் ஒன்றாகவே இருந்தும் படம் வேறாகத் தெரியும்.

அதனால் இணையத்தைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பத்து வரிசை, ஏழு நிரல் உள்ள ஒரு கட்டம் போடுங்கள். தந்திகளைத் திறந்த நிலையில் ட்யூனர் வைத்துச் சரிசெய்யுங்கள். பிறகு ஒவ்வொரு பெடலையும் லீவரையும் முட்டும்வரை அழுத்தி, பத்துத் தந்திகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி, எது எங்கே போகிறது என்று எழுதுங்கள். பழைய கிட்டார் என்கிறீர்கள், அதனால் சில மாற்றங்கள் சுருதி தப்பி நிற்கலாம். பெரும்பாலான பெடல் ஸ்டீல்களில் திறந்த ஸ்வரத்தைத் தலைப்பக்கத்து முறுக்காணியிலும், பெடல் அழுத்திய ஸ்வரத்தை வலது முனையில் தெரியும் நைலான் நட்டுகளிலும் தனித்தனியாகச் சரிசெய்வார்கள். சி ஷார்ப்புக்குக் கொஞ்சம் கீழே நின்றால் அது சி ஷார்ப் என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஸ்வரத்தைப் பிறகு திருத்தலாம். இந்தத் தாள்தான் உங்கள் கோபிடென்ட். இது இல்லாமல் அடுத்தது எதுவும் நகராது.

இணையத்தில் கிடைப்பவை நான்கு வகை. முதல் வகை, யாரோ ஒருவர் தன் கிட்டாருக்கு வரைந்து பிடிஎஃப் ஆக வைத்த கார்டு அட்டவணை. அச்செடுத்து ஸ்டாண்டில் வைக்க வசதி, ஆனால் வரைந்தவரின் லீவர்கள் உங்களுடையவை அல்ல. இரண்டாவது, ஈ9 எம்மன்ஸ் அமைப்பை மட்டும் வைத்துக் கார்டு கணக்கிடும் தளம். மூன்றாவது, உங்கள் கோபிடென்ட்டை நீங்களே உள்ளிட அனுமதிக்கும் தளம் அல்லது செயலி. நான்காவது, எதிர்த்திசையில் வேலை செய்வது: ஃப்ரெட்டையும் பெடலையும் தந்திகளையும் நீங்கள் தருவீர்கள், அது கார்டின் பெயரைச் சொல்லும். என் தேர்வு மூன்றாவது, அதோடு நான்காவதும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. உள்ளிட வழியில்லாத தளத்தைத் தொடக்கத்தில் ஒரு வாரம் பார்க்கலாம், அதற்கு மேல் அது உங்களைக் குழப்பும்.

இந்தத் தளங்கள் உள்ளே செய்வது எளிய கூட்டல். அது புரிந்தால் எந்தத் தளத்தையும் நீங்களே சரிபார்க்கலாம், வேண்டுமானால் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் சொந்தமாகவே செய்துகொள்ளலாம். சி ஸ்வரத்துக்கு 0, சி ஷார்ப்புக்கு 1 என்று தொடங்கி பி ஸ்வரத்துக்கு 11 வரை எண் கொடுங்கள். உங்கள் தந்திகள் ஒன்றிலிருந்து பத்துவரை 6, 3, 8, 4, 11, 8, 6, 4, 2, 11 என்று ஆகும். ஒரு தந்தியின் எண்ணோடு ஃப்ரெட்டைக் கூட்டுங்கள், பெடல் செய்யும் மாற்றத்தையும் கூட்டுங்கள், 12 அல்லது அதற்கு மேல் போனால் 12 கழியுங்கள். மேஜர் கார்டு என்றால் ரூட் (கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரம்), ரூட்டிலிருந்து 4, ரூட்டிலிருந்து 7. மைனருக்கு 3, 7. டாமினன்ட் செவன்த்துக்கு 4, 7, 10. உதாரணத்துக்கு 3ஆம் ஃப்ரெட்டில் பி பெடலையும் ஈ இறக்கு லீவரையும் சேர்த்து அழுத்துங்கள். 5ஆம் தந்தி 11+3, அதாவது 14, கழித்தால் 2, டி. 6ஆம் தந்தி 8+1+3, அதாவது 12, கழித்தால் 0, சி. 7ஆம் தந்தி 6+3, 9, ஏ. 8ஆம் தந்தி 4−1+3, 6, எஃப் ஷார்ப். டி, எஃப் ஷார்ப், ஏ, சி நான்கும் சேர்ந்தால் டி7.

இப்போது சோதனைக்கு வருவோம். தளத்தில் ஜி மேஜர் கேளுங்கள். 3ஆம் ஃப்ரெட்டில் பெடல் இல்லாமல், 6இல் ஏ பெடலும் எஃப் லீவரும் சேர்ந்து, 10இல் ஏ, பி பெடல்கள் சேர்ந்து என்று இந்த மூன்றும் கட்டாயம் வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விடுபட்டாலும் அந்தத் தளத்தில் ஏதோ கோளாறு. கவனமாக எழுதிய தளம் 8ஆம் ஃப்ரெட்டையும் காட்டும், ஏனெனில் அங்கே ஈ இறக்கு லீவரோடு 10, 8, 7, 5 தந்திகளில் அதே ஜி மேஜர் இருக்கிறது. அடுத்து, டி7 கேட்டால் மேலே கணக்கிட்ட 3ஆம் ஃப்ரெட் இடம் வருகிறதா என்று பாருங்கள். 10ஆம் ஃப்ரெட்டில் பெடல் இல்லாமல் 9, 8, 6, 5 தந்திகளும் வர வேண்டும்.

அடுத்த இரண்டு சோதனைகள் கொஞ்சம் நுட்பமானவை, அவசரமாக எழுதப்பட்ட தளங்கள் இங்கேதான் விழும். ஏ பெடலும் சி பெடலும் இரண்டுமே 5ஆம் தந்தியை இரண்டு அரை ஸ்வரம் ஏற்றுகின்றன. மூன்று பெடல்களையும் ஒன்றாக அழுத்தினால் கணக்குப் போடும் தளம் நான்கு அரை ஸ்வரம் என்று கூட்டி டி ஷார்ப் என்று சொல்லிவிடும். உண்மையில் ஏற்றங்கள் கூடுவதில்லை. இரண்டும் தந்தியை ஒரே இடத்துக்குத்தான் இழுக்கின்றன, அங்கே வந்தபின் தந்தி நிற்கும், ஸ்வரம் சி ஷார்ப்தான். ஏற்றமும் இறக்கமும் ஒரே தந்தியில் சேரும்போது கதை வேறு. ஏ பெடல் 5ஆம் தந்தியை இரண்டு ஏற்ற, ஒரு லீவர் அதையே ஒன்று இறக்கினால், கூட்டல்படி சி வர வேண்டும். அப்படிச் சேர்ந்து வரும் ஸ்வரத்தைத் தனியாகச் சரிசெய்யும் வசதி கிட்டாரில் இருந்தால்தான் அது சுத்தமான சி ஆக நிற்கும். இல்லாவிட்டால் தளம் காட்டும் கார்டு திரையில் சரி, காதில் தப்பு. உங்கள் பழைய கிட்டாரில் அந்த வசதி இருக்கிறதா என்பதைத் தட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, ஈ9-இல் தந்தி வரிசையும் ஸ்வர உயரமும் ஒன்றல்ல. முதல் இரண்டு தந்திகள் மூன்றாவதைவிடக் கீழே ஒலிக்கின்றன. பத்துத் தந்திகளில் உச்சத்தில் ஒலிப்பது 3ஆம் தந்தியின் ஜி ஷார்ப். முதல் தந்தியே உச்சம் என்று எண்ணும் தளம் கார்டின் பெயரைச் சரியாகச் சொல்லும், ஆனால் எந்த ஸ்வரம் மேலே, எது அடியில் என்பதைத் தப்பாகச் சொல்லும். மெட்டுக்கு அடியில் கார்டு வைக்கும்போது மேலே நிற்கும் ஸ்வரம்தான் எல்லாமே என்பதால் இது சின்ன விஷயமல்ல.

உடலுக்கு எது முடியும் என்பதைத் தளம் மதிக்கிறதா என்றும் பாருங்கள். உங்களிடம் மூன்று பெடலும் நான்கு லீவரும் இருப்பதால், ஒவ்வொன்றும் அழுத்தியது அல்லது அழுத்தாதது என்று கணக்கிட்டால் 128 சேர்க்கைகள். ஆனால் ஒரே முழங்கால் ஒரே நேரத்தில் இடமும் வலமும் போகாது. நடுவிலுள்ள பெடலைத் தொடாமல் இரு ஓரத்துப் பெடல்களையும் ஒரே பாதம் அழுத்தாது. மூன்று பெடலையும் ஒன்றாக அழுத்துவதை விட்டுவிட்டால், இடது பாதத்துக்கு எதையும் அழுத்தாதது, ஏ, ஏ பி, பி, பி சி, சி என்று ஆறு நிலைகள். முழங்காலுக்கு இரண்டு லீவர் வீதம் இருந்தால் ஒவ்வொரு முழங்காலுக்கும் மூன்று நிலைகள். பெருக்கினால் 54. பன்னிரண்டு ஃப்ரெட்டுக்கு 648. ஒவ்வொன்றிலும் பத்துத் தந்தியில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 120 வழிகள் என்று பார்த்தால் 77,760. இதை மனித மூளை சலிக்க முடியாது, கணினி நொடியில் சலிக்கும். இந்தத் தளங்களின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. ஆனால் சலித்துத் தந்த நூறு முடிவுகளை ஒரே தரத்தில் வரிசையாகக் காட்டும்போது, பயன்படும் ஐந்து எது என்பது உங்களுக்குத் தெரியாது. நான்கு முதன்மைப் பிடிகளை, அதாவது வலது கை சேர்த்து மீட்டும் தந்தித் தொகுப்புகளை, மட்டும் முதலில் பாருங்கள்: 10-8-6, 8-6-5, 6-5-4, 5-4-3. கட்டைவிரலும் இரண்டு விரல்களும் இயல்பாக விழும் இடங்கள் இவை. தந்திகளை வடிகட்டும் வசதி தளத்தில் இருந்தால் 1, 2, 7, 9 நான்கையும் முதலில் அணைத்துவிடுங்கள், பிறகு ஒவ்வொன்றாகத் திறக்கலாம்.

இனி நான் மிகவும் முக்கியமாக நினைக்கும் விஷயம். ஒவ்வொரு கார்டையும் தனித்தனியாகத் தேடினால், ஜி இங்கே, சி அங்கே, டி வேறெங்கோ என்று கழுத்து முழுவதும் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். ஈ9 அப்படி அமைக்கப்பட்ட வாத்தியமே அல்ல. பாரை 3ஆம் ஃப்ரெட்டில் வைத்துவிட்டு அசைக்காமல் பாருங்கள். பெடல் இல்லாமல் ஜி மேஜர். பி, சி பெடல்களை அழுத்தி 5-4-3 எடுத்தால் ஏ மைனர். ஈ இறக்கு லீவரைத் தள்ளி 6-5-4 எடுத்தால் பி மைனர். ஏ, பி பெடல்கள் சேர்ந்தால் சி மேஜர். பி பெடலும் ஈ இறக்கு லீவரும் சேர்ந்தால், நாம் கணக்கிட்ட டி7. ஏ பெடல் மட்டும் போட்டு 6-5-4 எடுத்தால் ஈ மைனர். பி பெடலோடு 3-2-1 எடுத்தால் எஃப் ஷார்ப் டிமினிஷ்டு. ஜி மேஜர் ஸ்கேலில் வரும் ஏழு கார்டுகளும் ஒரே ஃப்ரெட்டில் முடிந்துவிட்டன. பாரை இரண்டு ஃப்ரெட் தள்ளி 5இல் வைத்தால் இதே ஏழும் ஏ மேஜர் ஸ்கேலுக்கு வந்துவிடும். ஸ்கேல் சேஞ்சர் ஹார்மோனியத்தில் விரல் மாறாமல் சுருதி மாறுவது போலத்தான் இது. பெடல்களை எப்படி அழுத்துகிறோம் என்பது கார்டின் இடத்தைச் சொல்கிறது: முதல் கார்டு, நான்காவது, ஆறாவது என்று. பார் நிற்கும் ஃப்ரெட் ஸ்கேலைச் சொல்கிறது.

அதனால் தளத்தை இப்படிப் பயன்படுத்துங்கள் என்று சொல்வேன். ‘சி மேஜர் எங்கே’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘ஜி ஸ்கேலில் நான்காவது கார்டு என் பார் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கே’ என்று கேளுங்கள். கார்டுகளை எண்ணால் சொல்லும் நாஷ்வில் முறையை ஏற்கும் தளம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கார்டும் கிடைக்கும் 3ஆம் ஃப்ரெட் வீடு பழகியபின் அடுத்தது 10ஆம் ஃப்ரெட். அங்கே ஏ, பி பெடல்கள் அழுத்திய நிலை ஜி, கால் எடுத்தால் டி. முதல் கார்டிலிருந்து ஐந்தாவதுக்குப் போவதற்குக் காலைத் தூக்கினால் போதும். பிறகு 6ஆம் ஃப்ரெட், ஏ பெடலும் எஃப் லீவரும். இந்த மூன்றையும் இணைக்கும் நகர்வுகள்தான் நீங்கள் பதிவுகளில் கேட்கும் பெடல் ஸ்டீல்.

தளம் காட்டாதது இந்த நகர்வைத்தான். ஜி-யிலிருந்து சி-க்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8ஆம் ஃப்ரெட்டுக்குப் பாரை இழுத்தால் பெடல் இல்லாமலே சி மேஜர் கிடைக்கும். 3ஆம் ஃப்ரெட்டிலேயே நின்று ஏ, பி பெடல்களை அழுத்தினாலும் சி மேஜர். தளத்துக்கு இரண்டும் ஒன்று. காதுக்கு இரண்டும் ஒன்றல்ல. முதல் வழியில் மூன்று ஸ்வரங்களும் ஒன்றாகச் சறுக்கிப் போகின்றன. இரண்டாவதில் 4ஆம் தந்தியின் ஜி அசையாமல் ஒலிக்க, 5இன் டி மெதுவாக ஈ ஆகிறது, 6இன் பி மெதுவாக சி ஆகிறது. ஐசக்ஸ் அன்று செய்தது இதைத்தான், கேட்டவர்கள் மயங்கியதும் இதில்தான். பெடலைப் பாதி அழுத்தி நிறுத்துவது போன்றவையும் கார்டுப் பட்டியலில் வராது. எனவே தளம் இரண்டு இடம் காட்டினால், முந்தைய கார்டோடு எத்தனை ஸ்வரம் பொதுவாக இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பெயர் கண்டுபிடிக்கும் தளங்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 3ஆம் ஃப்ரெட்டில் ஏ பெடலோடு 6-5-4 தந்திகளைக் கொடுத்தால் ஈ மைனர் என்று சொல்லும். அது சரி. ஆனால் பேஸ் கிட்டார் ஜி வாசித்துக்கொண்டிருந்தால் கேட்பவருக்கு அது ஜி6. பேஸ் சி வாசித்தால் சி மேஜர் 7. ஸ்டீல் வாசிப்பவர் பெரும்பாலும் மூன்று ஸ்வரம்தான் எடுக்கிறார், ரூட்டைப் பேஸிடம் விட்டுவிடுகிறார். இதைத் தலைகீழாகப் பயன்படுத்தலாம். சி மேஜர் 7 முழுதாகத் தேடிச் சரியான பிடி கிடைக்கவில்லையா, ஈ மைனர் தேடுங்கள். பாட்டில் டி9 வந்தால் ஏ மைனர் இடம் பெரும்பாலும் போதும், டி ஸ்வரத்தைப் பேஸ் தரும். டிமினிஷ்டு செவன்த்துக்கு எஃப் லீவரோடு 9, 8, 6, 5 தந்திகள். அதே கார்டு ஒவ்வொரு மூன்று ஃப்ரெட்டுக்கும் திரும்ப வரும், அதனால் தளம் அதற்கு நான்கு பெயர் சொன்னால் நான்கும் சரியே.

சுருதி விஷயத்தில் எந்தத் தளத்தையும் நம்ப வேண்டாம் என்பதை உறுதியாகச் சொல்கிறேன். தளத்தில் ஒலி கேட்கும் பொத்தான் இருந்தால் அது சம இடைவெளிச் சுருதியில், அதாவது ஒரு அரை ஸ்வரத்துக்குச் சரியாக 100 சென்ட் என்ற கணக்கில் ஒலிக்கும். அந்தக் கணக்கில் மேஜர் கார்டின் மூன்றாவது ஸ்வரம் 400 சென்ட். காதுக்கு அதிர்வின்றி இனிமையாக நிற்கும் மூன்றாவது ஸ்வரம் ஏறக்குறைய 386. ஸ்டீலில் ஸ்வரங்கள் நீண்டு ஒலிப்பதால் இந்த 14 சென்ட் வித்தியாசம் உறுத்தும். அதனால் பலர் ஜி ஷார்ப் தந்திகளை ட்யூனர் காட்டும் நடுப்புள்ளிக்குக் கீழே வைக்கிறார்கள். எவ்வளவு கீழே என்பதில் பெரிய வாசிப்பாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை, அது உங்கள் காது முடிவு செய்ய வேண்டியது. இப்படிச் சுருதி வைத்தால் 6ஆம் ஃப்ரெட்டில் ஏ பெடல், எஃப் லீவர் சேர்ந்த ஜி மேஜர் முழுக் கார்டாகவே சற்றுத் தாழ்ந்து நிற்கும். பாரை ஃப்ரெட் கோட்டுக்கு ஒரு இம்மி முன்னால், உயர் ஃப்ரெட்டுகளின் பக்கம் வைத்தால் சரியாகிவிடும். தளம் 6 என்று மட்டும் காட்டும். அதோடு, பெடலை அழுத்தும்போது கிட்டாரின் உடல் மிக லேசாக வளைந்து மற்றத் தந்திகளும் கொஞ்சம் இறங்கும். பழைய கிட்டார்களில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். தளம் சொன்ன இடத்தில் கார்டு கசப்பாகக் கேட்டால், தளம் தப்பு என்று முடிவுகட்டும் முன் பாரை முன்னும் பின்னும் மயிரிழை நகர்த்திப் பாருங்கள்.

சி6 ட்யூனிங் பற்றி நான் அதிகம் பேச மாட்டேன். என் வாசிப்பு பெரும்பாலும் ஈ9. அடியிலிருந்து சி, எஃப், ஏ, சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ, ஜி என்று அமைந்த அந்தக் கழுத்தில் நான்கு ஐந்து ஸ்வரக் கார்டுகள் அதிகம். அங்கே தளத்தின் உதவி இன்னும் கூடுதலாகத் தேவைப்படும், பெயர்க் குழப்பமும் கூடும். சி6 என்ற நான்கு ஸ்வரங்களும் ஏ மைனர் 7-இன் நான்கு ஸ்வரங்களும் அப்படியே ஒன்று என்பதே போதும், அந்தக் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட. உங்கள் கட்டத்தை எழுதும்போது திறந்த தந்திகள் ஈ9 வரிசையில் வராமல் இப்படி வந்தால், மேலே சொன்ன ஃப்ரெட்டுகள் எதுவும் பொருந்தாது. கூட்டல் முறையும், ஏற்றங்கள் கூடாது என்ற சோதனையும், முழங்கால் சோதனையும் மட்டும் பொருந்தும்.

முதலில் கட்டத்தை எழுதி இங்கேயே பதிலில் போடுங்கள், நான் சொல்ல முடியாத மற்ற இரண்டு லீவர்களும் என்ன செய்கின்றன என்று பார்த்துவிட்டு, அவற்றால் 3ஆம் ஃப்ரெட் வீட்டில் கூடுதலாக என்னென்ன கார்டு கிடைக்கும் என்று எழுதுகிறேன். அதுவரை பாரை 3ஆம் ஃப்ரெட்டில் வைத்து, ஜி, சி, டி7, ஜி என்ற சுற்றை 6-5-4, 8-6-5 பிடிகளில் வாசியுங்கள். 6-5-4-இல் டி7 எடுக்கும்போது 4ஆம் தந்தியும் அதே லீவரால் எஃப் ஷார்ப்புக்கு இறங்கும், அதனால் டி, எஃப் ஷார்ப், சி மூன்றும் அங்கேயே கிடைக்கும்.